தச்சர்கள் காக்கும் வேகம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் 'பிளேலேண்ட் பார்க்' என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1980-இல் அது மூடப்பட்டது. 1947-இல் கட்டிய 'ராக்கெட்' என்ற மர ரோலர் கோஸ்டர் மட்டும் வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றது. மூடிய பூங்காவுக்குள் அடுத்து நுழைவது வழக்கமாகப் புல்டோசர்தான். ஆனால் பென்சில்வேனியா மாநிலத்தில் 'கனோபல்ஸ்' பூங்காவை நடத்தும் குடும்பத்தார் அந்தக் கோஸ்டரை வாங்க முன்வந்தார்கள். மூல வரைபடங்கள் கைவசம் இல்லை. சார்லஸ் டின் என்ற கட்டுமான நிபுணரின் மேற்பார்வையில் பலகைகளை அளந்து, எண் போட்டு, கழற்றி, லாரிகளில் ஏற்றி, நாட்டின் தெற்கிலிருந்து வடகிழக்குக்குக் கொண்டுபோனார்கள். 1985 கோடையில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. புதுப் பெயர், 'ஃபீனிக்ஸ்'.

ஃபீனிக்ஸின் உயரம் 24 மீட்டர். உச்ச வேகம் மணிக்குச் சுமார் 72 கி.மீ. நூறு மீட்டருக்கு மேல் எழும்பும் எஃகுக் கோஸ்டர்களின் காலத்தில் இந்த எண்கள் யாரையும் மிரட்டாது. ஆனாலும் 'அமியூஸ்மென்ட் டுடே' இதழ் ஆண்டுதோறும் வழங்கும் 'கோல்டன் டிக்கெட்' விருதுகளில், உலகின் சிறந்த மர ரோலர் கோஸ்டர் என்ற இடத்தை 2018 முதல் பலமுறை பிடித்திருப்பது இந்தப் பழையவர்தான். இதைவிட உயரமான, வேகமான, பெரும் செலவில் எழுந்த மரக் கோஸ்டர்கள் சில 10, 20 ஆண்டுகளிலேயே இடித்துத் தள்ளப்பட்டிருக்கின்றன. வடிவமைப்பு ஒரு காரணம்தான். ஆனால் வடிவமைத்தவர் ஒருமுறை வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார். பராமரிப்பவரோ ஒவ்வொரு நாளும் அந்தக் கோஸ்டரைக் கட்டிக்கொண்டே இருக்கிறார். மரக் கோஸ்டரின் தலைவிதி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

எஞ்சின் இல்லாத ரயில்

ரோலர் கோஸ்டர் ரயிலில் எஞ்சின் கிடையாது. தரையில் இருக்கும் ஒரு மோட்டார், சங்கிலியால் ரயிலை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சப் பயணம் முழுவதையும் ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்கிறது. உச்சியில் சேர்ந்த நிலையாற்றல் இறக்கத்தில் இயக்க ஆற்றலாக மாறும்; அடுத்த மேட்டில் மறுபடி நிலையாற்றலாகும். ஃபீனிக்ஸின் முதல் இறக்கம் 22 மீட்டர். உராய்வே இல்லையென்றால் அந்த இறக்கத்தின் அடியில் மணிக்கு 75 கி.மீ. வேகம் வர வேண்டும் என்கிறது பள்ளிக்கூடச் சூத்திரம். கிடைப்பது சுமார் 72. நடுவில் காணாமல்போன வேகம் சக்கரம், தண்டவாளம், காற்று ஆகியவற்றின் உராய்வில் கரைகிறது. தண்டவாளம் கெட்டால் அந்த இழப்பு கூடும்; ரயில் மந்தமாகும், கூடவே குலுங்கும். ஒரு மரக் கோஸ்டர் பழைய சுறுசுறுப்போடு ஓடுகிறது என்றால் அதன் பாதை நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் மூன்று வகைச் சக்கரங்கள் உண்டு. எடையைத் தாங்கி ஓடுபவை ஒரு வகை. பக்கவாட்டில் விலகாமல் பிடிப்பவை இன்னொரு வகை. மூன்றாவது வகை, தண்டவாளத்துக்கு அடியில் உருண்டு, ரயில் மேலே எழும்பாமல் தடுக்கும். இந்த மூன்றாவது சக்கரத்துக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். செங்குத்தான இறக்கங்களும் பயணி இருக்கையை விட்டு எழும்பும் நொடிகளும் அதன் பிறகே சாத்தியமாயின. அதற்கு முந்திய தலைமுறைக்கு இன்றும் ஒரு சாட்சி உண்டு: பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902-இல் கட்டப்பட்ட 'லீப் தி டிப்ஸ்'. அடிச் சக்கரம் இல்லாததால் மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகத்துக்காகவே அது கட்டப்பட்டது. 1985-இல் ஓட்டம் நின்று, பாழடைந்து, புதுப்பிக்கப்பட்டு, 1999-இல் மறுபடி திறக்கப்பட்டது.

மரக் கோஸ்டர் என்று சொன்னாலும் சக்கரம் மரத்தின் மீது நேராக உருள்வதில்லை. பைன் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து ஆணி அடித்து இறுக்குவார்கள். சக்கரம் படும் இடங்களில் எஃகுப் பட்டையைப் பதிப்பார்கள். ஒரே கனமான உத்தரத்தை வளைக்க முடியாது. மெல்லிய பலகையை வளைக்கலாம். வளைத்த பலகைகளை அடுக்கி ஆணியால் பிணைத்துவிட்டால் அந்த வளைவு நிலைத்துவிடும். அடுக்குகளின் மூட்டுகள் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித் தள்ளி அமைப்பது தச்சரின் பாடம்.

மரம் சும்மா இருப்பதில்லை

எஃகை வார்த்து நிறுத்திவிட்டால் அது பெரும்பாலும் அதே அளவில் இருக்கும். மரம் அப்படியல்ல, வெட்டி, அறுத்து, வர்ணம் பூசிய பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையோடு பிடித்துக்கொள்வதும் கோடையில் தளர்வதும் இதனால்தான். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். எட்டு அடுக்குப் பலகையில் ஒவ்வொன்றும் தலைமுடி கனம் சுருங்கினாலும், கூட்டிப் பார்த்தால் போல்ட்டுக்கும் மரத்துக்கும் இடையில் சந்து விழுந்துவிடும். போன மாதம் இறுக்கிய நட்டு இந்த மாதம் கையால் சுழல்வதற்கு யாருடைய அலட்சியமும் காரணமல்ல, மரத்தின் இயல்பே காரணம். ஆனால் அதைத் திரும்ப இறுக்காமல் விட்டால் அது அலட்சியம்.

இரண்டாவது எதிரி பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அதை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகளுக்கு வாழ்வு வந்துவிடும். தண்ணீர் தேங்கும் மூட்டுகள், கான்கிரீட்டில் கால் ஊன்றிய இடங்கள், பலகையின் வெட்டுமுனைகள் ஆகியவைதான் முதலில் கெடும். பழைய கோஸ்டர்களின் வெள்ளை வர்ணம் அழகுக்காக மட்டும் பூசியதல்ல. அது ஈரத்துக்கு எதிரான கவசம். இப்போது அழுத்தத்தில் மருந்தேற்றிய பைன் மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். மருந்து ஆயுளைக் கூட்டும், சாகாவரம் தராது.

ரயில் பாயும்போது மரச்சட்டகம் அசைவதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அந்த அசைவு வடிவமைப்பிலேயே இருக்கிறது. விசையை ஆயிரக்கணக்கான மூட்டுகள் பகிர்ந்துகொள்வதன் அடையாளம் அது. அசைய வேண்டிய அளவுக்கு அசைகிறதா, அதற்கு மேலா என்பதுதான் பராமரிப்பவரின் கேள்வி.

வானிலையும் ஓட்டத்தை மாற்றும். காலைக் குளிரில் பேரிங்குகளில் கிரீஸ் கெட்டியாக இருக்கும், ரயில் மெதுவாக ஓடும். பிற்பகலில் வேகம் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1912 முதல் ஓடும் 'சீனிக் ரயில்வே'யில் ரயிலின் நடுவே ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டே பயணிப்பார். எந்த மேட்டில் எவ்வளவு வேகத்தைத் தணிக்க வேண்டும் என்று அன்றன்றைக்கு முடிவெடுப்பது அவர் கை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் டிவோலி பூங்காவின் 1914-ஆம் ஆண்டு மரக் கோஸ்டரிலும் இதே ஏற்பாடுதான்.

3 மில்லிமீட்டர் செய்யும் வேலை

சின்னச் சின்னக் குறைகளை இவ்வளவு தேடி அலைவது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டவாளம் மீட்டருக்கு ஓர் அலை வீதம், 3 மில்லிமீட்டர் மேலும் 3 மில்லிமீட்டர் கீழுமாக நெளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது தட்டுப்படாது. ரயில் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அதன் மேல் ஓடுகிறது. சக்கரம் அந்த நெளிவை அப்படியே பின்பற்றினால் அது அனுபவிக்கும் செங்குத்து முடுக்கம் ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த உதறல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடினால் கால் பங்காகிவிடும், 100 கி.மீ.யைத் தாண்டினால் இரு மடங்காகிவிடும்.

அடி வாங்குவது பயணியின் முதுகு மட்டுமல்ல. நெளிவில் குதித்த சக்கரம் அடுத்த ஓரிரு மீட்டர் தள்ளி தண்டவாளத்தை ஓங்கி இடிக்கும். அங்கே மரம் நசுங்கும், ஆணி தளரும், புதிதாக ஒரு பள்ளம் பிறக்கும். அந்தப் பள்ளம் அதற்கடுத்த இடத்தைக் கெடுக்கும். இப்படி ஒரு குறை பாதை நெடுகப் பரவும். ரயில் பெட்டிகளின் அச்சும் சட்டமும் அதே அடியை வாங்கிக் களைத்துப்போகும். முதல் வாரத்தில் ஒரு பலகையோடு முடிந்திருக்கக்கூடிய செலவு, மூன்றாவது ஆண்டில் நூறு மீட்டர் தண்டவாளமாக வளர்ந்து நிற்கும். 'மரக் கோஸ்டர் என்றால் குலுங்கத்தான் செய்யும்' என்று சொல்லித் தள்ளிப்போடும் பூங்கா, உண்மையில் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. மரத்துக்கே உரிய மெல்லிய அதிர்வு வேறு, பல்லைக் கிட்டவைக்கும் இடி வேறு. நன்றாகப் பார்த்துக்கொண்ட கோஸ்டரில் முதலாவதுதான் இருக்கும்.

வாயில் திறப்பதற்கு முன்

நல்ல பூங்காக்களில் முதல் பயணி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பாதைநடை தொடங்கிவிடும். தண்டவாளத்தை ஒட்டிய குறுகிய பலகை நடைபாதையில், இடுப்பில் பாதுகாப்புப் பட்டையும் கையில் சுத்தியலும் ஸ்பானருமாகத் தச்சர்கள் ஏறுவார்கள். கோஸ்டர் முழுவதையும் காலால் நடந்தே பார்ப்பார்கள்.

அவர்கள் தேடுவது விரிசலை மட்டும் அல்ல. எஃகுப் பட்டையில் நேற்றுவரை மங்கலாக இருந்த ஓர் இடம் இன்று பளபளக்கிறதா? சக்கரம் அங்கே புதிதாக உரசுகிறது. போல்ட்டின் அடியிலிருந்து துருக்கோடு வழிந்திருக்கிறதா? உள்ளே ஈரமும் அசைவும் சேர்ந்திருக்கின்றன. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மாவுபோல் மரத்தூள் படிந்திருக்கிறதா? அவை ஒன்றையொன்று அரைக்கின்றன. ஆணித்தலை அரை விரல் எழும்பி நிற்கிறதா? பலகை அதைக் கக்கிவிட்டது. சந்தேகமான கட்டையைச் சுத்தியலால் தட்டுவார்கள். வைரம் பாய்ந்த கட்டை கணீரென்று பதில் சொல்லும். உள்ளே உளுத்தது மந்தமாக ஒலிக்கும். அங்கே கூரான கருவியால் குத்திப் பார்த்தால் முனை சிரமமில்லாமல் உள்ளே இறங்கும். சரிசெய்யக்கூடியதை அங்கேயே சரிசெய்வார்கள். மற்றதைக் குறித்துவைத்து இரவுப் பணிக்கு அனுப்புவார்கள். குறை பெரியதென்றால் அன்றைக்குக் கோஸ்டர் திறக்காது.

அதன் பிறகு ஆளில்லா ரயில் ஓடும். ஒருவர் கீழே நின்று பாதையின் அடிப்பக்கத்தைக் கவனிப்பார். ஒவ்வொரு சக்கரம் கடக்கும்போதும் பலகை அடுக்கு தாழ்ந்து எழுகிறதா என்று பார்ப்பார். நின்று பார்க்கும்போது குற்றமில்லாததாகத் தெரியும் இடம், சுமை ஏறும்போது தன் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக், பயணியைப் பிடிக்கும் கம்பி, மேட்டில் ரயில் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பற்கள் எல்லாம் சரியென்று கையெழுத்தான பிறகே வாயில் திறக்கும்.

குளிர்காலத் தச்சுப்பட்டறை

அமெரிக்காவின் வடபகுதியில் கோஸ்டர்கள் குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருக்கும். பெரிய வேலைகள் எல்லாம் அப்போதுதான். ரயில்களை அக்கக்காகக் கழற்றி, வர்ணத்தைச் சுரண்டி, அச்சுகளையும் இணைப்புகளையும் காந்தமேற்றி, நுண்ணிய இரும்புத்தூளைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் காந்தப்புலம் அங்கே கசியும். தூள் அந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே பனிக்காற்றில் தண்டவாளம் மாற்றும் வேலை நடக்கும். முதலில் எஃகுப் பட்டையைக் கழற்றுவார்கள். பிறகு நெம்புகோல் போட்டுப் பழைய அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர்ப்பார்கள். கீழே போகப்போகத் தேய்மானத்தின் கதை தெரியும்: மேல் அடுக்குகள் நசுங்கிப் பஞ்சாகியிருக்கும், அடி அடுக்கு சில இடங்களில் இன்னும் மஞ்சள் மாறாமல் இருக்கும். புதுப் பலகையை வைத்து, இடுக்கியால் வளைத்துப் பிடித்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அளவையும் சாய்வையும் சரிபார்த்து ஆணி அடிப்பார்கள். முழுக் கோஸ்டரையும் ஒரே ஆண்டில் மாற்றுவது அரிது. அதிகம் அடிவாங்கும் பள்ளங்களும் வளைவுகளும் முதலில். மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளில். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் சில பத்தாண்டுகளில் கோஸ்டரின் பெரும்பகுதி புது மரமாகியிருக்கும். அதனால் மரக் கோஸ்டரின் உண்மையான வயதை அது கட்டிய ஆண்டு சொல்லாது. கடைசியாகப் பலகை மாற்றிய குளிர்காலம்தான் சொல்லும்.

பென்சில்வேனியாவின் கென்னிவுட் பூங்காவில் 1920-இல் வந்த 'ஜாக் ராபிட்'டும் 1927-இல் வந்த 'ரேசர்' கோஸ்டரும் இன்னும் ஓடுவது இந்த முறையால்தான். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் கடற்காற்றின் நடுவே நிற்கும் 'சைக்ளோன்' 1927 ஜூனில் திறக்கப்பட்டது. அதன் சட்டகம் எஃகு, பாதை மரம். 1970-களில் அதை இடிக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 1991-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. ஆனால் சின்னம் என்ற பட்டம் ஆணி அடிப்பதில்லை. 2011-க்குப் பிறகு பல குளிர்காலங்களில் அதன் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக மாற்றியதால்தான் அது இன்று நன்றாக ஓடுகிறது.

ஒரே பூங்கா, இரண்டு முடிவுகள்

ஒஹையோ மாநிலத்தின் 'கிங்ஸ் ஐலண்ட்' பூங்காவில் 1979-இல் 'தி பீஸ்ட்' திறக்கப்பட்டது. 2,243 மீட்டர் நீளம். உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர் என்ற பெருமை இன்றும் அதற்குத்தான். மணிக்குச் சுமார் 104 கி.மீ. வேகத்தில் காட்டுக்குள் ஓடும். 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிறகு, 2021-22 குளிர்காலத்தில் 'கிராவிட்டி குரூப்' நிறுவனம் அதில் 600 மீட்டருக்கு மேல் தண்டவாளத்தைப் புதிதாகப் போட்டது. முதல் இறக்கத்தின் சாய்வை 45 டிகிரியிலிருந்து 53 டிகிரியாக்கியது. வயதான கோஸ்டர் முன்பைவிட வழவழப்பாக ஓடியது.

அதே பூங்காவில் 2000-இல் வந்தது 'சன் ஆஃப் பீஸ்ட்'. 66 மீட்டர் உயரம், மணிக்குச் சுமார் 125 கி.மீ. வேகம், நடுவில் தலைகீழ் வளையம். உலக சாதனைகளோடு பிறந்த கோஸ்டர் அது. 2006 ஜூலையில் அதன் மரச்சட்டகத்தில் ஏற்பட்ட சேதத்தால் பாதை தாழ்ந்துபோக, ரயில் பலமாக அதிர்ந்து 27 பேர் காயமடைந்தார்கள். வளையத்தை எடுத்தார்கள், எடை குறைந்த ரயிலைக் கொண்டுவந்தார்கள். 2009-இல் ஓட்டம் நின்றது, 2012-இல் இடித்துவிட்டார்கள். ஒரே பூங்கா, ஒரே தட்பவெப்பம். பீஸ்ட்டைவிட 20 சதவீதம் கூடுதல் வேகம் என்றால் இருமடிக் கணக்கில் ஒவ்வொரு நெளிவின் அடியும் 40 சதவீதத்துக்கு மேல் கூடும். மரம் தாங்கக்கூடிய அளவை மீறிக் கேட்டால் எந்தத் தச்சராலும் ஈடுகொடுக்க முடியாது. பராமரிக்கக்கூடியதைக் கட்டுவதுதான் பராமரிப்பின் முதல் படி என்பதை இந்தக் கோஸ்டர் விலை கொடுத்துக் கற்றுத்தந்தது.

சாதனைக்காகக் கட்டிய வேறு சில பெரும் மரக் கோஸ்டர்களும் இதே சுமையில் தளர்ந்தன. 1990-இல் வந்த 'டெக்சாஸ் ஜயன்ட்', மரச்சட்டகத்தின் மேல் எஃகுத் தண்டவாளம் பூட்டப்பட்டு 2011-இல் திரும்பி வந்தது. 1991-இல் சீடர் பாயின்ட் பூங்காவில் திறந்த 'மீன் ஸ்ட்ரீக்' 2016-இல் நின்று, 2018-இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆக மாறியது. சவாரி என்ற அளவில் இரண்டும் பெரும் வெற்றி. ஆனால் மரத்தின் மேல் ஓடும் அந்தத் தனி அனுபவம் அங்கே முடிந்துவிட்டது.

மரத்தைக் கைவிடாமலே முன்னேறும் வழிகளும் வந்திருக்கின்றன. நேர்ப்பலகையை வளைத்துப் பிடித்தால் அது திரும்ப நிமிரவே முயன்றுகொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, வேண்டிய வளைவிலேயே கணினி இயந்திரத்தால் அறுத்த பலகைகளை அடுக்கினால் உள்ளுக்குள் இழுவிசை இருக்காது. வடிவம் நெடுநாள் நிற்கும். ரயிலிலும் மாற்றம் வந்திருக்கிறது. மூன்று வரிசை கொண்ட நீண்ட பெட்டி வளைவுகளில் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டும். ஒரே வரிசை கொண்ட குட்டிப் பெட்டிகளைக் கோத்த ரயில் வளைவோடு வளைந்து போகும்.

யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கேளிக்கைப் பூங்காக்களின் சவாரிகள் 1981 முதல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பில் இல்லை. பொறுப்பு மாநிலங்களிடம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் அந்த வேலையைப் பார்ப்பது வேளாண்மைத் துறை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வடிவமைப்பு, பராமரிப்பு, சோதனை ஆகியவற்றுக்கான பொதுத் தரங்களை, ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பில் 1978-இல் தொடங்கிய எஃப்24 குழு வகுக்கிறது. இந்தத் தரங்கள் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். ஒரு பூங்கா அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடுகிறதா என்பது அதை நடத்துபவரின் மனத்தைப் பொறுத்தது.

இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. புதுச் சவாரி விளம்பரப் பலகையில் ஏறும்; கூட்டத்தை இழுக்கும். இருநூறு மீட்டர் புதுத் தண்டவாளத்துக்கு யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை. லாபம் குறைந்த ஆண்டில் முதலில் வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவில்தான். கனோபல்ஸ், கென்னிவுட் போன்ற பூங்காக்கள் தனித்து நிற்பது, பழைய கோஸ்டரைச் சுமையாகக் கருதாமல் முதலாக நடத்தியதால்தான். அனுபவமுள்ள தச்சர்களை நிரந்தரமாக வைத்திருப்பதும் அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள இடம் தருவதும் அந்த முதலீட்டில் அடக்கம். சுத்தியல் ஓசையைக் கேட்டு மரத்தின் நிலையைச் சொல்லும் காது ஒரே சீசனில் வந்துவிடாது.

மரக் கோஸ்டருக்கு முன் வரிசையில் நிற்கும் எவரும் பூங்காவை எடைபோட முடியும். சாம்பல் நிறம் ஏறிய பழைய கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் மாறாத புதுப் பலகைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவற்றைப் பார்த்து, இது பழுதான கோஸ்டர் என்று பயப்பட வேண்டாம். யாரோ அக்கறையோடு பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. காலையில் சோதனைக்காகக் கோஸ்டர் தாமதமாகத் திறந்தால் கோபப்படாதீர்கள். சவாரி முடிந்து இறங்கும்போது இடுப்பு வலித்தால், மரம் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பூங்கா நிர்வாகத்திடம் புகார் செய்யுங்கள். புதுச் சவாரி எப்போது என்று கேட்கும் பயணிகள், பழையதற்கு இந்த ஆண்டு எவ்வளவு தண்டவாளம் மாற்றினீர்கள் என்றும் கேட்கத் தொடங்கினால், பூங்காக்கள் அந்தச் செலவையும் பெருமையாக அறிவிக்கத் தொடங்கும்.